குளிர் தாங்காமல் வந்தவள்

ஏரிக்கரையில் என்னோடு சாயங்கால நடை வரும் தோழிகளே,

போன வாரம் நீங்களெல்லாம் வேன் பிடித்துக் கொடைக்கானல் போய்விட்டு வந்தீர்கள். நல்லது. இந்த வயதில் நாம் போகாமல் வேறு யார் போவது. ஆளுக்கொரு கம்பளிக் குல்லாயும் செல்போன் நிறைய மேகப் படங்களுமாக வந்து இறங்கினீர்கள். காலையில் வெயில், கொஞ்ச நேரத்தில் மூட்டம், சாப்பிட்டு எழுவதற்குள் தூறல், மறுபடியும் வெயில் என்று அந்த மலை உங்களுக்குக் காட்டிய கூத்தை நடக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தீர்கள். முட்டி வலியால் நான் வரவில்லை. அதற்கு உங்களில் ஒருத்தி, ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், சொன்னாள்: "இவ எப்படிடி வருவா? குளுரு தாங்காம பிரான்சுல இருந்து ஓடியாந்தவ பொண்ணாச்சே."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உங்கள்மேல் மட்டும் கோபமில்லை. என் அம்மாவைப் பற்றி நம் பாகூரில் இருக்கிற வரலாறே இந்த ஒரு வாக்கியம்தான். அவள் எத்தனை பேருக்குச் சோறு போட்டாள், எத்தனை பிரசவத்துக்குத் துணைக்கு நின்றாள், அதெல்லாம் காற்றோடு போச்சு. அவள் செத்தபோது ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அத்தை மகள் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, குளுரு ஆவாதே அவங்களுக்கு" என்று அழுதாள். அந்த நேரத்திலும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

இதை நான் வாயால் சொன்னால் நடுவில் யாராவது மருமகள் கதைக்குத் தாவிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வோம். அவர் துப்பாக்கி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்ததுதான் அதிகம்; பட்டாளத்துச் சமையற்கட்டில் இருந்தார். லீவில் வருவார், எல்லோருக்கும் சோப்பும் செண்டும் கொடுப்பார், போய்விடுவார். எனக்கு ஒன்பது வயதும் தம்பிக்கு ஆறு வயதும் ஆனபோதுதான் குடும்பத்தோடு இருக்க அவருக்கு வீடு கிடைத்தது. மலைப்பக்கத்து ஊர். பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது. என் வாயிலேயே இப்போது நுழைவதில்லை. ஐப்பசி மாதம் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டேஷனில் இறங்கியதுமே அப்பா அம்மாவைத் தன் கோட்டால் போர்த்திவிட்டு ஒரு பேச்சு பேசினார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்திருப்பார்.

"இதோ பாரு. இந்தக் குளுரு காலத்த ஒன்னால தாட்ட முடிஞ்சா இங்கயே இருந்துக்கலாம். புள்ளைங்களும் இங்கயே படிக்கட்டும். முடியலன்னா சொல்லிடு, ஊருக்கு அனுப்பிடறேன். வீம்புக்கு இருந்து ஒடம்ப கெடுத்துக்காத."

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. பாகூரில் அவள் வாழ்ந்தது அப்பாவின் அண்ணன் தம்பிகளெல்லாம் சேர்ந்திருந்த வீடு. அங்கே அவளுக்கென்று ஒரு ஆணிகூடக் கிடையாது, புடவையைக் கொடியில் போட்டாலும் யாராவது நகர்த்திவிடுவார்கள். இங்கே மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. உள்ளே வந்ததும் அடுப்பு மேடையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நமக்கு மட்டும்தானா இது?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, திரும்பவும் தடவினாள்.

சமையற்கட்டு சன்னலில் இரட்டைக் கண்ணாடி. அதற்கு வெளியே மலை. மலை என்றால் நாம் செஞ்சி போகும் வழியில் பார்ப்பது போல வெயில் காயும் பாறை இல்லை. கீழே கறுப்பாக மரங்கள், மேலே சாம்பல் நிறத்தில் பாறை, அதற்கும் மேலே எப்போதும் வெள்ளை. அது ஒரு மணி நேரம் ஒரே மாதிரி இருக்காது. பால் காய்ச்சும்போது தெரியும் உச்சி, பால் பொங்கும்போது காணாமல் போயிருக்கும். அம்மா காலையில் எழுந்ததும் என்னைத்தான் கூப்பிடுவாள். "வாடி, இன்னிக்கு இன்னா வேஷம் கட்டியிருக்குது பாக்கலாம்."

மூட்டம் பாதி மலையை மறைத்திருந்தால், "முக்காடு போட்டுக்கிச்சி" என்பாள். சாயங்காலம் உச்சி மட்டும் சிவந்தால், "இப்பதான் பவுடர் பூசி முடிச்சிருக்குது, இனிமேதான் கூத்து" என்பாள். எனக்கு அந்த மலையைவிட அம்மா இப்படிப் பேசுகிறாளே என்பதுதான் ஆச்சரியம். பாகூரில் அவள் பேசியதெல்லாம் "தோ வரேன்", "ஆவுது", "இருக்குது, போட்டுக்குங்க" இவ்வளவுதான்.

கார்த்திகையில் முதல் பனி விழுந்தது. எனக்கு அது கண்ணால் தெரியவில்லை, காதால் தெரிந்தது. காலையில் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வண்டி போகிறது, சத்தமில்லை. ஆள் நடக்கிறான், சத்தமில்லை. எழுந்து பார்த்தால், தலையணை கிழிந்து இலவம்பஞ்சு பறக்கிற மாதிரி வானம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சன்னலைத் திறந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது உருகுவதற்குள் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சன்னல மூடு, சன்னல மூடு" என்று அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நம் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். மார்கழியில் நம் வாய்க்கால் ஓரத்துப் புல்லில் நிற்பதும் பனி, அந்த மலையில் ஆள் உயரத்துக்குக் கிடந்ததும் பனி. நம் ஊரில் பனி என்றால் என்ன செய்வார்கள்? காதைச் சுற்றித் துண்டைக் கட்டு, தலையைக் காட்டாதே, சளி பிடிக்கும், காது அடைக்கும், இழுப்பு வரும். அப்பா அந்தப் பயத்தை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தார். புல் நுனிப் பனிக்கே அந்தப் பயம் என்றால், மலையளவு பனிக்கு எவ்வளவு பயம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஹீட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் ஒரு போர்வை, பேன்ட்டுக்கு மேலே லுங்கி. "இந்தக் குளுரு எமன்டா" என்று தம்பியிடம் சொல்வார். அவரோடு இருந்த திருக்கனூர்க்காரர் ஒருவருக்கு ஒரு குளிர்காலத்தில் கால் விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதை எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அந்த விரல்களைப் பார்த்தது முதல் அவருக்குத் தூக்கம் சரியில்லை என்று நினைக்கிறேன். வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களுக்காக அந்தக் குளிரில் கிடந்த மனிதர் அவர். அந்தப் பனியை ஒருவர் ஆசையாகப் பார்க்க முடியும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ஆகவே சட்டம் போட்டார். பள்ளிக்கூடம் போகலாம், வரலாம். மற்றபடி வெளியே கால் வைக்கக் கூடாது. கடைக்கு அவரே போவார். "நீ எறங்காத. பனி காதுல பூந்துடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

சட்டத்தை உடைத்தது மார்கழி. மார்கழியில் வாசலில் கோலம் போடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை அம்மா. அப்பா விடியற்காலையிலேயே சமையற்கட்டுக்குப் போய்விடுவார், பட்டாளத்துக்குக் காபி போட. அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா ஒரு கிண்ணத்தில் அரிசி மாவை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். வாசல் முழுக்க வெள்ளை. அம்மா மாவைக் கிள்ளி ஒரு இழை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைமேல் வெள்ளை. இன்னொரு இழை. அதுவும் தெரியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு விரலால் தரையைக் குத்தினாள். அழகாக ஒரு குழி விழுந்தது. புள்ளி. வரிசையாகக் குத்திக்கொண்டே போய், விரலாலேயே சுற்றி இழுத்தாள். "மாவு மிச்சம்டி" என்றாள். அவள் விரல் நுனி செக்கச்சிவந்திருந்தது. அந்தக் கோலம் மத்தியானம் வரைக்கும் கல்லில் செதுக்கியது போல அப்படியே இருந்தது.

கீழ் வீட்டில் ஒரு வயதான அம்மாள் தனியாக இருந்தாள். நாங்கள் மதாம் என்போம். அவள் கதவைத் திறந்து கோலத்தைப் பார்த்தாள், அம்மாவின் செருப்புப் போட்ட காலைப் பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடி பூட்ஸ், முழங்கால் வரைக்கும் வரும் பச்சை நிற ரப்பர். அம்மாவைப் படியில் உட்காரவைத்து அவளே மாட்டிவிட்டாள். மதாம் பிரெஞ்சில் பேசினாள், அம்மா தமிழில் பேசினாள். "அளவு சரியா இருக்குதுங்க, கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாலும் பரவால்ல" என்றாள் அம்மா. அதற்கு மதாம் ஏதோ பதில் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் அவரவர் பாஷையிலேயே மணிக்கணக்காகப் பேசினார்கள், ஒரு தகராறும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு வாழ்க்கை. பள்ளி விடுமுறை நாட்களில் அப்பா போனதும் நாங்கள் மூன்று பேரும் இறங்கிவிடுவோம். மதாம் வீட்டுக் கிடங்கில் அவள் பிள்ளைகள் சின்ன வயதில் விளையாடிய சறுக்கு வண்டி ஒன்று கிடந்தது. மரப் பலகை, கீழே இரண்டு இரும்புப் பட்டை, முன்னால் கயிறு. கட்டடத்துக்குப் பின்னால் மேய்ச்சல் சரிவு. நானும் தம்பியும் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு கீழே போவோம், அம்மா மேலே நின்று, "பாத்துடா, பாத்துடா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் நான் வண்டியை மேலே இழுத்து வந்தபோது அம்மா புடவையை மடித்துச் செருகியிருந்தாள். அடியில் அப்பாவின் பழைய பேன்ட். "நவுரு" என்றாள்.

அவள் போன வேகத்தைப் பார்த்துத் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். கீழே போய் வண்டி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கிடந்தார்கள். நான் பயந்து ஓடினேன். அம்மா மல்லாந்து கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். என் அம்மா வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதேயில்லை, தோழிகளே. அது கொஞ்சம் கரகரப்பான சிரிப்பு. இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உள்ளே இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் எல்லாம் பார்த்தோம். ஒரு நாள் பள்ளத்தாக்கிலிருந்து வெதுவெதுவென்று காற்று கிளம்பி, ராத்திரிக்குள் பாதிப் பனியைக் கரைத்துவிட்டது. கூரையெல்லாம் ஒழுகின, தெருவெல்லாம் ஆறாக ஓடியது. மறுநாள் எல்லாம் இறுகிக் கண்ணாடியாகிவிட்டது; மதாமைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நாங்களுமாக ரொட்டிக் கடைக்குப் போனோம். வெயில் அடிக்கும்போதே பனி பெய்ததைப் பார்த்தோம். ஊருக்கு வெளியே ஒரு குட்டை உறைந்து கிடந்தது. அம்மா குச்சியால் தட்டிப் பார்த்தாள், கல்லால் இடித்துப் பார்த்தாள், பிறகு மெதுவாக அதன்மேல் நடந்தாள். நடுவில் போய் நின்று, "நம்ம ஏரி இப்படி ஆச்சின்னா நேரா நடந்தே அந்தாண்ட போயிடலாம். சுத்த வாணாம்" என்றாள். நனைந்த கம்பளி வாசனை, ரொட்டிச் சூடு, மூக்கு நுனி எரிச்சல், வீட்டுக்குள் வந்ததும் கை விரல்களில் வரும் அந்தக் குறுகுறுப்பான வலி, இதெல்லாம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

அப்பா வருவதற்குள் பூட்ஸைத் துடைத்து மதாம் வீட்டில் வைத்துவிடுவோம். ஹீட்டர்மேல் துணிகளைக் காயவைப்போம். அம்மா எங்களிடம், "சொல்லாதீங்க. அவரு பயந்துக்குவாரு" என்றாள். பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றாள், அவ்வளவுதான். அப்பா வந்து, "எப்படி, தாட்டிடுவியா?" என்று கேட்பார். "தாட்டிடலாங்க" என்பாள் அம்மா. எங்களிடம் மட்டும், சரிவின் உச்சியில் இருந்து மேலே தெரியும் ஒரு வைக்கோல் கொட்டகையைக் காட்டி, "மாசி வரைக்கும்தான் இந்தக் குளுரு. அதத் தாண்டிட்டா நாம இங்கதான். அடுத்த வருஷம் அதுக்கும் மேல போவலாம்" என்றாள்.

மாசி பிறந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் வானம் துடைத்த மாதிரி இருந்தது. மதாம் தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். பூட்ஸை எங்களிடமே விட்டிருந்தாள். அம்மாவுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் பொறுக்கவில்லை. "கொட்டாய் வரைக்கும் போயிட்டு சாப்பாட்டுக்கு வந்துடலாம்" என்றாள். ரொட்டியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டாள்.

மேலே போகும்வரை வெயில்தான். கொட்டகையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஊரைக் காணோம். பள்ளத்திலிருந்து மூட்டம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் தேவாலயக் கோபுரம் போயிற்று, பிறகு சரிவு போயிற்று, பிறகு பத்தடி தள்ளி நின்ற தம்பி போனான். அம்மா அவனைக் கையால் துழாவிப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்தாள். பனியும் கொட்ட ஆரம்பித்தது.

உள்ளே காய்ந்த புல் கூரை வரைக்கும் இருந்தது. அந்த வாசனை நம் வைக்கோல் வாசனை இல்லை, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். எங்களை அதற்குள் கழுத்து வரைக்கும் புதைத்துவிட்டு, தன் சால்வையையும் எங்கள்மேல் போட்டாள். ரொட்டியில் ஊறுகாயைத் தடவிக் கொடுத்தாள். தம்பி அழுதான். "இது வேஷம்டா. கட்டினத அவுத்துதான ஆவணும்? அவுக்கட்டும், போவலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். சால்வை இல்லாமல், வெறும் ஸ்வெட்டரோடு. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் என்று ஒரு துளிகூட இல்லை.

சாயங்காலம்தான் வானம் விட்டது. புதுப் பனி எங்கள் இடுப்பு வரைக்கும். தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா வழி உடைத்துக்கொண்டு இறங்கினாள். பாதிச் சரிவில் அப்பா எதிரே வந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆளைக் காணாமல், காலடித் தடம் முழுக்க மூடுவதற்குள் தெரிந்த பக்கமாக ஏறி வந்திருக்கிறார். தலையில் குல்லாய் இல்லை. ஒரு கையுறை இல்லை. விழுந்து எழுந்து விழுந்து எழுந்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் முட்டி போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, பேச்சு வரவில்லை. முகமெல்லாம் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியும். வழி முழுக்க அதைத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "இன்னா அழகு, இன்னா அழகு." அப்பாவுக்கு அழுகிறாள் என்று பட்டது. "அழாத, அழாத. போதும்மா. நான் பண்ணது தப்பு. ஒங்கள இங்க கூட்டியாந்திருக்கவே கூடாது" என்று அவர்தான் அழுதார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவள் பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். கால் விரல்களை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்ப்பார், கறுத்திருக்கிறதா என்று. ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது, சண்டையிலாவது உண்மை வந்திருக்கும். "பசங்க ஆசப்பட்டாங்கன்னு ஒரு நாள் போனியாக்கும். ஒரே நாளு, பாத்தியா இன்னா பண்ணிடுச்சி" என்றார்.

ஒரே நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், வாயைத் திறக்காதே. எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது நன்றாக விளங்குகிறது. எனக்குக் குளிர் தாங்கும் என்று அவள் சொல்ல வேண்டுமானால், மார்கழி முழுக்கவும் தை முழுக்கவும் குளிரில் திரிந்தேன் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாமல் திரிந்தேன் என்று, தன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் சொல்ல வேண்டும். அதை அவளால் சொல்ல முடியவில்லை.

"கொஞ்ச நாள் ஊருல போயி இரு. ஒடம்பு தேறட்டும்" என்றார் அப்பா.

"சரிங்க" என்றாள்.

கிளம்பும்போது அம்மா அதிகமாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மதாம் கொடுத்த பூட்ஸைத் துடைத்துக் கதவோரம் ஜோடியாக வைத்தாள். குளிர்காலக் கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி அலமாரியில் மேல் தட்டில் ஏற்றினாள். ஸ்டேஷனில், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் சொல்வதைச் சொல்லிவிட்டு ரயிலேறினாள். அப்பா கண்ணாடிக்கு வெளியே கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

மீதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பாகூரில் வந்து இறங்கியதும் அத்தை, அப்பாவின் அக்காதான், அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா, துரைச்சாணிக்குக் குளுரு தாங்கலயா?" என்றாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அத்தை சொன்னது தெருவுக்குப் போயிற்று, தெரு சொன்னது ஊருக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் நீங்களும் சொன்னீர்கள்.

அடுத்த லீவில் அப்பா வந்தார். அம்மா அன்றைக்குத் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். என் காதில், "கூப்புட வந்திருக்காரு" என்றாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அப்பா சொன்னார்: "அந்த வூட்ட வுட்டுட்டேன். நான் ஒத்த ஆளு, எனக்கு எதுக்கு. பட்டாளத்துக் கொட்டாயிலயே தங்கிக்கிறேன்."

அம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என் பூட்ஸு?" என்று கேட்டாள்.

"மதாம்கிட்டயே குடுத்துட்டேன்."

"கோட்டு?"

"அதுவும்தான். இங்க ஒனக்கு எதுக்கு அது."

"ஆமா" என்றாள். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள் நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள். அன்றிலிருந்து பழைய அம்மா. "தோ வரேன்." "ஆவுது." "போட்டுக்குங்க."

அப்பா பென்ஷனோடு ஊருக்கு வந்து பல வருஷம் அவளோடு வாழ்ந்தார். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஃபேனைக்கூட அவளுக்காகக் குறைத்து வைப்பார், "அவளுக்குக் குளுரு ஆவாது" என்று. அவர் தூங்கியதும் அம்மா எழுந்துபோய் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து படுப்பாள்.

அவர் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னிடம் ஒரு சாயங்காலம் பேசினார். நானாக எதுவும் கேட்கவில்லை. "அந்த வூட்ட ஒரு வருஷம் வரைக்கும் வெச்சிருந்தேன்டி. ஒங்கம்மா கோட்டு, பூட்ஸு எல்லாத்தையும் வுட்டெறிஞ்சிட்டுப் போயிட்டா. அதப் பாக்கும்போதெல்லாம், எப்படா கெளம்புவோம்னு இருந்திருக்கா பாருன்னு நெனப்பேன். மதாம்கிட்ட அதத் திருப்பிக் குடுக்கப் போனேன். ஒங்கம்மா மாதிரி பனிய ரசிச்சவங்கள நான் பாத்ததில்லன்னு சொன்னாங்க. நல்ல மனுஷி, மரியாதைக்குச் சொல்றாங்கன்னு வந்துட்டேன்." பிறகு, "திரும்பி வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்ட வுட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நான் அப்போது உண்மையைச் சொல்லவில்லை. அந்த நிலைமையில் அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

அப்பாவின் கருமாதி முடிந்த மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீடு அல்லவா, யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போனார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு காலியானதும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். வீட்டை ஒரு வருஷம் வைத்திருந்ததை, மதாம் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் வாசலையே பார்த்தபடி கேட்டாள்.

"ஏம்மா, திரும்பி வரேன்னு ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"ரயிலு ஏறும்போது. போயிட்டு வரேன்னு."

"அம்மா, அது எல்லாரும் சொல்றதுதான. கடைக்குப் போனாலும் அப்படித்தான சொல்லுவோம்."

"எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் அம்மா. "நான் வர்றதுக்குத்தான் சொன்னேன்."